புறங்கை

ஜனவரி 11

காலை முறை. பனி கொட்டியதில் விமானங்கள் பிந்தின. வரிசை படிக்கட்டு வரை நின்றது. மத்தியானத்துக்கு மேல் ஒரு பெண் வந்தாள். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். உயரமானவள், நீலப் பாவாடை, வெள்ளைக் கம்பளிச் சட்டை. கூடவே அவளுடைய தம்பியின் மகள். பெரியவள் இயந்திரத்துக்குள் நின்று கையைத் தூக்கினாள். திரையில் இடுப்புக்குக் கீழே மஞ்சள் கட்டம் விழுந்தது. கட்டம் விழுந்தால் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். பெண் பயணிகளை அப்படிப் பார்ப்பதுதான் இந்த விமான நிலையத்தில் என் வேலை.

எப்போதும் சொல்வதைச் சொன்னேன். இப்போது உங்கள் உடலைத் தொட்டுச் சோதிக்கப் போகிறேன். அந்தரங்கமான இடங்களைப் புறங்கையால் மட்டும் தொடுவேன். வலிக்கிற இடம் ஏதும் உண்டா? தனி அறை வேண்டுமா? அவள் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. தொடங்கினேன். கை தொடைக்கு மேலே போனதும் அவள் கூரை முகட்டைப் பார்த்தாள். கண்ணீர் காதுப் பக்கமாக வழிந்தது. சத்தம் இல்லை, அசைவும் இல்லை. நான் விதிப்படி முடித்தேன். ஒன்றுமில்லை. பாவாடையின் உள்மடிப்பில் தடித்த தையல், அவ்வளவுதான். "நன்றி, நல்ல பயணமாகட்டும்" என்றேன். அவள் சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலுடனே நடந்து போனாள்.

வீட்டுக்கு வந்து குளித்தேன். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். குழம்பில் உப்புக் கூடிவிட்டது.

ஜனவரி 15

ஆரணி பள்ளிக்கூடத்தால் வந்ததும் பையைக்கூட இறக்கவில்லை. தொலைபேசியை என் முன்னால் நீட்டினாள்.

"அம்மா, இது நீங்கள்தானே?"

நான்தான். அந்தத் தம்பி மகள் தூர நின்று படம் பிடித்திருக்கிறாள். என் முகம் தெரிகிறது. சட்டையில் குத்திய பெயரும் தெரிகிறது. என் கைகள் பெரிதாகத் தெரிகின்றன. அந்தப் பெண்ணின் பெயர் லொரெய்ன் பெக் என்று போட்டிருக்கிறது. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள்.

கீழே ஆட்கள் எழுதியிருந்ததை வாசிக்கத் தொடங்கினேன். அவளுடைய அப்பா தயாபரன் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"அதை வாசியாதேயும். உமக்கு என்னத்துக்கு?"

"நான் விதிப்படிதானே செய்தனான்" என்றேன்.

"ஓம், ஓம். ஆர் இல்லையெண்டது?"

ஆரணி அறைக்குள் போனாள்.

ஜனவரி 16

மேலாளர் கரிட்டி கூப்பிட்டார். எங்கள் கமராவில் பதிவானதை இரண்டு தரம் பார்த்தாராம். என் பக்கம் ஒரு பிழையும் இல்லையாம். பத்திரிகைக்காரர் யாரும் கேட்டால் பேசக்கூடாது என்றார். டெனிஸ் எனக்குக் கோப்பி வாங்கி வந்தாள். இந்த வேலையில் எனக்கு இருக்கிற ஒரே சிநேகிதி அவள்தான். என் பெயர் முழுக்க வாயில் வராததால் சுகி என்பாள். சட்டையிலுள்ள பெயரை விரலால் மறைத்துக் காட்டி, இனி இதைக் குத்தாதே என்றாள். குத்தாவிட்டால் அதுவும் விதிமீறல்.

ஜனவரி 19

விடுமுறை. உடுப்புகளைத் தோய்த்தேன், குளிர்பெட்டியைத் துடைத்தேன்.

இந்த நாட்டுக்காரருக்குச் சோதனை என்றால் என்னவென்று தெரியாது. இங்கே பெண்ணைப் பெண்தான் தொடுகிறாள். கையுறை இருக்கிறது. செய்யப் போவதை முன்னாலேயே சொல்கிறோம். பக்கத்தில் இன்னொருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நான் இந்த வேலைக்கு எழுதிப் போட்டதே அதனால்தான். சரியாகச் செய்யவும் முடியும் என்று எனக்குக் காட்ட வேண்டியிருந்தது.

என் தங்கை நளாயினிக்கு நடந்தது வேறு. யுத்த காலம். எனக்குப் பத்தொன்பது, அவளுக்குப் பதினேழு. இரண்டு பேரும் ரியூசன் வகுப்பால் சைக்கிளில் வந்துகொண்டிருந்தோம். வீதித் தடையில் இராணுவத்தினர் மறித்தார்கள். நளாவை மட்டும் பக்கத்து வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் இரண்டு சைக்கிளையும் பிடித்தபடி வெளியே நின்றேன். உள்ளே பெண் யாரும் இல்லை. மண்ணெண்ணெய் மணம். மேசையில் யாரோ பாதி குடித்துவிட்டு வைத்த தேத்தண்ணி, அதில் எறும்பு மிதந்தது. சுவரில் அந்த வீட்டுப் பிள்ளையின் உயரத்தைப் பென்சிலால் கோடு கோடாகக் குறித்திருந்தார்கள். யாரும் எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

இதெல்லாம் நளா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 4

மாநிலச் சட்டசபையில் ஒரு மசோதா வந்திருக்கிறது. லொரெய்ன் சட்டம் என்றே ஆட்கள் சொல்கிறார்கள். ஆரணி சாப்பாட்டு மேசையில் இருந்து தமிழாக்கிச் சொன்னாள். தகுந்த சந்தேகம் இல்லாமல், விமான நிலையச் சோதனையில் பயணி ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை, உடுப்புக்கு மேலாகத் தொட்டாலும் குற்றம். ஒரு வருடம் வரை சிறை. தொடச் சொன்ன துறையை விட்டுவிடுவார்கள். தொட்ட ஆளைத்தான் பிடிப்பார்கள்.

"அப்ப அம்மாவைப் பிடிப்பினமோ?" என்று தயாபரன் கேட்டார்.

"முந்திச் செய்ததுக்கு இல்லை அப்பா. சட்டம் வந்தாப்பிறகு செய்தால்."

"வேலையெண்டு சொல்லிச் செய்யச் சொன்னவனை விட்டிட்டு, செய்த ஆளையோ பிடிக்கிறது?"

ஆரணி கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "எண்டாலும் சரியான சட்டம்தானே. அந்த மனிசி வேண்டாமெண்டு நிக்கிறது முகத்திலேயே தெரியுது, அம்மா. உங்களுக்குத் தெரியேல்லையோ?"

வேண்டாம் என்றால் அவள் வாயால் சொல்லியிருக்கலாம் என்றேன். ஆரணி எழுந்து கோப்பையைக் கழுவினாள். பதினெட்டு வயதாகப் போகிறது. கோபம் வந்தால் கோப்பை கழுவுகிற பிள்ளை.

பிப்ரவரி 9

குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. தயாபரன் பார்க்கிறேன் என்றார். பார்க்கவில்லை.

பிப்ரவரி 21

இரண்டு அழைப்பு வந்தது. ஒன்று, மசோதாவைக் கொண்டுவந்த செனட்டரின் அலுவலகத்திலிருந்து. இளம் குரல், மிகவும் மரியாதை. யுத்த நாட்டிலிருந்து வந்த உங்களுக்கு இது விளங்கும், சட்டசபைக் குழுவின் முன்னால் வந்து லொரெய்ன் பக்கம் பேசுவீர்களா என்றாள். மற்றது எங்கள் ஊழியர் சங்கம். யுத்த நாட்டிலிருந்து வந்த நீங்கள் பேசினால் எடுபடும், மசோதாவுக்கு எதிராகப் பேசுவீர்களா என்றார்கள். இரண்டு பேருக்கும் என் யுத்தம்தான் வேண்டியிருக்கிறது.

மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தேன். தயாபரன் குசினி வாசலுக்கு வருமுன்பே இருமினார். எனக்குப் பின்னால் ஆள் வந்து நின்றால் திடுக்கிடுவேன் என்று கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவர் அப்படித்தான் வருவார்.

"ஒரு பக்கமும் போக வேண்டாம், சுகந்தினி. கரிட்டி கதைக்க வேண்டாமெண்டவரெல்லோ."

"சங்கத்துக்காக, லீவு நாளிலை போகலாமாம். டெனிசுக்கு மூண்டு பிள்ளையள். நாளைக்கு அவளை விலங்கு மாட்டிக்கொண்டு போனால்?"

"டெனிசுக்காகவோ போறீர்?"

ஓம் என்றேன்.

மார்ச் 12

தலைநகருக்குச் சங்கத்தின் வாகனத்தில் போனோம். டெனிசும் வந்தாள். சட்டசபைக் கட்டடத்தில் எங்களையும் இயந்திரத்துக்குள் விட்டுத்தான் அனுப்பினார்கள். காவலாளி ஆண். என் பையை மட்டும் பார்த்தான்.

குழு இருந்தது ஒரு நீளமான அறையில். கூட்டம் நிறைய. முதலில் லொரெய்ன் பெக்கைக் கூப்பிட்டார்கள். அதே நீலப் பாவாடை. தாளில் எழுதி வந்திருந்தாள், ஆனால் அதைப் பார்க்கவில்லை.

அவள் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். "எனக்குப் பத்தொன்பது வயதில் ஒருவன் என்னைக் கெடுத்தான். அவன் கெட்டவன் என்று எனக்குத் தெரியும். வாழ்நாள் முழுக்க அவன்மேல் கோபப்பட முடிந்தது. அதனால் பிழைத்தேன். அன்றைக்கு விமான நிலையத்தில் அந்தப் பெண் மரியாதையாகப் பேசினாள். கை நடுங்காமல், எல்லாவற்றையும் விதிப்படி செய்தாள். யாரும் ஒரு தவறும் செய்யவில்லை என்று எனக்குக் கடிதம் வந்திருக்கிறது. யாரும் தவறு செய்யவில்லை என்றால், எனக்கு நடந்தது என்ன? நான் யார்மேல் கோபப்படுவது?"

 டெனிஸ் கைப்பையைத் திறந்து திறந்து மூடினாள்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். உண்மை சொல்வேன் என்று கையை உயர்த்தச் சொன்னார்கள். சங்கத்தார் எழுதித் தந்ததை வாசித்தேன். நாங்கள் குற்றவாளிகள் அல்ல, சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள். மத்திய அரசு தொடு என்கிறது, மாநில அரசு தொட்டால் சிறை என்கிறது. நடுவில் நிற்பவள் என்ன செய்வாள்? சிலர் தலையாட்டினார்கள்.

குழுவில் வயதான ஒருவர், கண்ணாடி போட்டவர், மசோதாவுக்கு ஆதரவானவர்தான், மெல்லக் கேட்டார். "அம்மா, நீங்கள் பிறந்த நாட்டில் இப்படியான சோதனைகள் இருந்தன என்று சொல்கிறார்கள். உங்களை யாராவது அப்படிச் சோதித்திருக்கிறார்களா?"

"என் தங்கையை" என்றேன். "என்னை இல்லை."

"உங்களை ஒருபோதும் இல்லையா?"

"இல்லை."

நன்றி சொன்னார். இறங்கி வந்தேன்.

நடைபாதையில் லொரெய்ன் தனியாக நின்றாள். நான் மற்றப் பக்கத்தால் போகப் பார்த்தேன். அவளே கிட்ட வந்தாள். உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை, அதுதான் பிரச்சினை என்றாள். பிறகு, "உங்கள் தங்கை இப்போது எப்படி இருக்கிறார்?" என்றாள். நன்றாக இருக்கிறாள், மருத்துவமனையில் தாதி, அடுத்த மாதம் எங்களிடம் வருகிறாள் என்றேன். அவள் என் முகத்தை நெடுநேரம் பார்த்தாள். பிறகு அவளுடைய ஆட்கள் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள்.

திரும்பும் வழியில் டெனிஸ் நன்றாகப் பேசினாய் என்றாள். வாகனத்தை ஓர் இடத்தில் நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தேன். காலையில் சாப்பிடாமல் வந்ததுதான்.

மார்ச் 13

வேலை. ஒன்றும் விசேஷமில்லை.

ஏப்ரல் 6

நளா வந்துவிட்டாள். ஆரணியின் பள்ளி முடிப்பு விழாவுக்கென்றுதான் கூப்பிட்டோம். பதினொரு வருடத்துக்குப் பிறகு பார்க்கிறேன். நரைத்துவிட்டாள், கொஞ்சம் பருத்தும் இருக்கிறாள். வெளியே வந்ததும் தள்ளுவண்டியை விட்டுவிட்டு ஓடி வந்து என்னைக் கட்டிப் பிடித்தாள். நான் அப்படியே நின்றேன். பிறகு தயாபரனின் கன்னத்தைத் தட்டினாள், ஆரணியை இழுத்து நெற்றியில் கொஞ்சினாள்.

ஆரணி விறைத்துப் போனாள். அவளுக்கு நான்தான் சொல்லியிருந்தேன், சித்திக்கு ஆட்கள் தொட்டால் பிடிக்காது, தள்ளி நின்று வணக்கம் சொல்லு என்று.

"என்ன பிள்ளை, தள்ளித் தள்ளி நிக்கிறாய்? சித்தி மணக்கிறனோ? ரெண்டு நாள் பிளேனுக்குள்ளையெல்லோ கிடந்தனான்."

காரில் முழுக்கச் சிரிப்பு. வழியில் எத்தனை இடத்தில் மறித்துச் சோதித்தார்கள் என்று நான் கேட்டேன். "ஒரு இடத்திலை ஒரு பிள்ளை தடவிப் பாத்தது. கூச்சத்திலை எனக்குச் சிரிப்பு வந்திட்டுது" என்றாள்.

காலம் எதையும் ஆற்றிவிடும் போல.

ஏப்ரல் 17

நளா வந்ததிலிருந்து வீட்டில் மீன் மணம். பழஞ்சீலையால் துடைத்தும் போகவில்லை. ஆரணிக்குத் தலைக்கு எண்ணெய் வைக்கிறேன் என்கிறாள் நளா. ஆரணி வேண்டாம் சித்தி என்று மெல்ல நழுவுகிறாள். அவளுடன் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறாள், நோயாளியிடம் பேசுவது போல. நளாவுக்கு அது விளங்கவில்லை.

ஏப்ரல் 24

கீழ்ச்சபையில் மசோதா நிறைவேறிவிட்டது. எதிர்த்தவர்கள் மிகக் குறைவு. இனி மேல்சபை. கரிட்டி எங்களைக் கூட்டி வைத்து, பயப்படாதீர்கள், மத்திய அரசு பார்த்துக்கொள்ளும் என்றார். டெனிஸ் வேறு வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறாள்.

இன்று கட்டம் விழுந்த ஒரு பெண்ணிடம் சொல்ல வேண்டிய வசனத்தை நடுவில் மறந்து நின்றேன். பன்னிரண்டு வருடமாகச் சொல்கிற வசனம். அவள்தான் "புறங்கையால்" என்று எடுத்துத் தந்தாள். அடிக்கடி பறப்பவளாம்.

மே 9

ஆரணி நளாவுக்கு நான் குழுவின் முன் பேசிய வீடியோவைக் காட்டியிருக்கிறாள். நான் வேலையால் வந்தபோது இரண்டு பேரும் முன்னறையில் இருந்தார்கள். ஆரணி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

நான் உடுப்பு மாற்றிப் பருப்பை அடுப்பில் வைத்தேன். நளா குசினிக்கு வந்து கதவைச் சாத்தினாள். திற என்றேன். திறந்து வைத்தாள்.

"அக்கா, நீ ஏன் அங்கை அப்பிடிச் சொன்னனீ?"

"எப்பிடி?"

"என்னைத்தான் உள்ளுக்கை கூட்டிக்கொண்டு போனவங்கள் எண்டு. பிள்ளை என்னட்டை மன்னிப்புக் கேக்குது. உங்களைக் கட்டிப் பிடிக்க எனக்குப் பயமாயிருந்தது சித்தி எண்டு அழுகுது. எனக்குத் தலையும் விளங்கேல்லை, காலும் விளங்கேல்லை."

"நடந்ததைத்தானே சொன்னனான்."

நளா என் முன்னால் வந்து நின்றாள். தொடவில்லை.

"அக்கா. சைக்கிள் ரெண்டையும் பிடிச்சுக்கொண்டு வெளியிலை நிண்டது நான். உள்ளுக்கை போனது நீ."

நான் பருப்பைக் கிண்டினேன்.

"நான் கத்தினனான். ஒரு ஆமிக்காரன் துவக்காலை என்ரை தோளிலை இடிச்சவன். இஞ்சை பார், அந்த எலும்பு இப்பவும் எழும்பி நிக்குது. நீ வெளியிலை வரேக்கை செருப்பில்லாமல் வந்தனீ. வீட்டை போற வழியிலை ஒரு கதை கதைக்கேல்லை. அம்மா கேக்கேக்கை நீதான் சொன்னனீ, நளாவைத்தான் மறிச்சவங்கள் எண்டு. நான் பேசாமல் இருந்திட்டன். அக்காவுக்கு அப்பிடிச் சொன்னால்தான் தாங்கேலுமெண்டால் சொல்லட்டுமெண்டு விட்டனான். அதுக்காக இவ்வளவு காலமுமோ?"

பருப்பு அடிப்பிடித்துவிட்டது. வேறு சட்டிக்கு மாற்றினேன்.

மே 10

நளாவுக்கு ஞாபகம் பிசகியிருக்கிறது. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. யாருக்கும் அப்படித்தான். தாதி வேலையில் நித்திரை இல்லாமல் உழைப்பவள் வேறு.

சட்டியை இரண்டு தரம் தேய்த்தும் கறை போகவில்லை. எறிந்துவிட்டேன்.

மே 11

அவள் தோளில் எலும்பு எழும்பித்தான் நிற்கிறது.

மே 21

மத்திய அரசிடமிருந்து கடிதம் வந்திருக்கிறதாம், வானொலியில் சொன்னார்கள். இந்தச் சட்டம் வந்தால் பயணிகளின் பாதுகாப்புக்குப் பொறுப்பேற்க முடியாது, மாநிலத்திலிருந்து புறப்படும் விமானங்களை நிறுத்த வேண்டிவரலாம். விமானம் நின்றால் வியாபாரம் நிற்கும். மேல்சபையில் ஆதரவு தருவதாகச் சொன்னவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுவிட்டார்களாம்.

ஆரணி என்னோடு பேசுவது உப்பைத் தாங்கோ, கதவைப் பூட்டுங்கோ, அவ்வளவுதான். நளா அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது நான்தானாம். சொல்ல என்ன இருக்கிறது?

மே 28

மசோதா செத்தது. கூட்டத்தொடரின் கடைசி நாள்வரை வாக்கெடுப்புக்கு எடுக்காமலே விட்டுவிட்டார்கள். யாரும் எதிர்த்து வாக்களிக்கவும் இல்லை. அப்படியே முடிந்தது.

வேலையில் டெனிஸ் கேக் கொண்டுவந்தாள். கரிட்டி என் கையைக் குலுக்கினார். கேக்கில் நீல நிறப் பூ. எல்லோரும் என்னைத்தான் முதலில் வெட்டச் சொன்னார்கள். வெட்டினேன்.

ஓய்வறைத் தொலைக்காட்சியில் லொரெய்னைக் காட்டினார்கள். தலைநகரிலிருந்து வீட்டுக்குப் பேருந்தில் போகிறாள், ஒரு நாள் முழுக்கப் பயணம். செய்தியாளர் இனி என்ன செய்வீர்கள் என்று கேட்டான். பறக்க மாட்டேன் என்றாள். உங்கள் அக்கா நாட்டின் மேற்குக் கரையோரத்தில் சாகக் கிடக்கிறாளே என்றான். தெரியும் என்றாள். யாரோ அலைவரிசையை மாற்றிவிட்டார்கள்.

மே 31

ஆரணியின் பள்ளி முடிப்பு விழா. நல்ல வெயில். படம் எடுத்தோம்.

ஜூன் 8

நேற்று எழுத முடியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

நேற்று நளா ஊருக்குத் திரும்பினாள். ஆங்கிலம் அவ்வளவு வராது என்பதால், விமானம் ஏறும் வாசல்வரை கூடப் போக எனக்கும் அனுமதிச் சீட்டு எடுத்தேன். வேலை நாள் அல்ல. சேலை உடுத்தியிருந்தேன். தயாபரனும் ஆரணியும் வீட்டிலேயே விடை சொல்லிவிட்டார்கள். ஆரணி சித்தியைக் கட்டிப் பிடித்தாள், ஆனால் அவள் உடைந்துவிடுவாள் என்பது போல.

வரிசையில் நளா எனக்கு முன்னால் நின்றாள். இயந்திரத்துக்குள் போனாள், வந்தாள். கட்டம் விழவில்லை. அடுத்தது நான். எத்தனை ஆயிரம் பேரை அதற்குள் நில் என்று சொல்லியிருப்பேன். நின்று கையைத் தூக்கினேன். வெளியே வந்தபோது திரையில் மஞ்சள் கட்டம், இடுப்பில். சேலைக் கொசுவம்தான். இயந்திரத்துக்குச் சேலை விளங்காது.

டெனிஸ் நின்றாள். என்னைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தாள். சுகி, செய்யத்தான் வேண்டும், கமரா பார்க்கிறது என்று மெல்லச் சொன்னாள். ஓம், செய் என்றேன். அவள் வசனத்தைத் தொடங்கினாள். இப்போது உங்கள் உடலைத் தொட்டு. அந்த வசனத்தை நான் அந்தப் பக்கத்திலிருந்து கேட்டதே இல்லை. புறங்கையால் மட்டும். அவள் குரலில் ஒரு குறையும் இல்லை. கையுறை புதியது. எல்லாம் சரியாக இருந்தது.

கையைத் தூக்கச் சொன்னாள். என்னால் தூக்க முடியவில்லை. தூக்கு என்று எனக்கு நானே சொன்னேன். கை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. மண்ணெண்ணெய் மணத்தது. அங்கே மண்ணெண்ணெய் எப்படி வரும்? டெனிஸ் என்னவோ கேட்டாள், தனி அறை என்றாள், கரிட்டி என்றாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

கோட்டுக்கு அந்தப் பக்கம் நளா நின்றாள். தட்டிலிருந்து எடுத்த தன் செருப்பையும் என் செருப்பையும் கையில் வைத்திருந்தாள்.

"அக்கா, இஞ்சை பார். என்னைப் பார். நான் இஞ்சைதான் நிக்கிறன். ஒரு இடமும் போகேல்லை."

பார்த்தேன். டெனிஸ் முடிக்கும்வரை அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. கதவைச் சாத்திவிட்டார்கள்.

எழுதிவிட்டேன். அழிக்கப் போவதில்லை.

வாசலடியில் இரண்டு பேரும் கதிரையில் இருந்தோம். நளா தண்ணீர்ப் போத்தலைத் திறந்து தந்தாள்.

"பிள்ளைக்குச் சொல்லு, அக்கா. இது என்ரை கதை இல்லை. உனக்காகக் கன காலம் வைச்சிருந்திட்டன். இனி ஏலாது. அவள் என்னைப் பாக்கிற பார்வை எனக்குப் பிடிக்கேல்லை. அந்தப் பார்வை எனக்கு உரியதும் இல்லை."

"உன்னைக் கத்த விட்டிட்டு நான் உன்ரை பேரிலை..."

"அதை விடு. நீ அப்ப சின்னப் பிள்ளை. நானும்தான்."

கூப்பிட்டார்கள். போனாள். நுழையுமுன் திரும்பிக் கையைக் காட்டினாள்.

விமானம் போனபிறகு எழுந்து நடக்கப் பார்த்தேன். வெளியே போக வேண்டுமென்றால் அந்தச் சோதனைப் பகுதியைக் கடந்துதான் போக வேண்டும். கால் வரவில்லை. தயாபரனைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ."

"கார் உம்மட்டையெல்லோ நிக்குது. என்ன நடந்தது?"

"ஒண்டும் இல்லை. வாங்கோ. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

 பக்கத்து வீட்டுக்காரரின் காரை வாங்கிக்கொண்டு வந்தார்கள். கரிட்டிதான் என்னை வேறு வழியால் வெளியே கொண்டுவந்து விட்டார், முகத்தைப் பார்க்காமல். திங்கட்கிழமை அவரிடம் பெட்டிகள் பார்க்கும் பகுதிக்கு மாற்றம் கேட்பேன். தராவிட்டால் வேலைச் சட்டையைத் திருப்பிக் கொடுப்பேன். சம்பளம் இல்லாமல் எப்படி என்று தெரியவில்லை. ஆனால் இனி ஒரு பெண்ணையும் என்னால் தொட முடியாது.

கார்த் தரிப்பிடத்தில் எங்கள் காருக்குள் மூன்று பேரும் இருந்தோம். தயாபரன் முன்னுக்கு, நானும் ஆரணியும் பின்னுக்கு. அவர் சாவியைப் போடவில்லை. வெக்கை. நான் சொன்னேன். முழுக்கச் சொல்லவில்லை, சொல்லக்கூடியதைச் சொன்னேன். சித்தி வெளியே நின்றவள் என்றேன். குழுவின் முன்னால் கையை உயர்த்திவிட்டுச் சொன்னது பொய் என்றேன்.

தயாபரன் திரும்பவில்லை. இரண்டு கையாலும் ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி இருந்தார். அவர் தோள் குலுங்கியது. இருபது வருடம் கூட வாழ்ந்த மனிதர். ஒரு தரமும் கேட்டதில்லை.

 ஆரணி என் பக்கம் திரும்பினாள். அவள் கை பாதி தூரம் வந்து நின்றது.

"அம்மா, நான் உங்களைக் கட்டிப் பிடிக்கட்டோ?"

இப்படி என்னிடம் இதற்கு முன் யாரும் கேட்டதில்லை. கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்றும் நான் யோசித்ததில்லை.

"இண்டைக்கு வேண்டாம், பிள்ளை."

"சரி அம்மா" என்றாள். கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தயாபரன் சாவியைப் போட்டார்.